பொம்மைக்குள் ஒரு குண்டு

படம் பார்க்கும்போது உங்கள் நெஞ்சு எதற்காகப் படபடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சண்டைக்கா? வெடிச் சத்தத்துக்கா? இரண்டும் இல்லாமலே படபடக்க வைக்கலாம்!

சென்ற பள்ளி விடுமுறையில் ஜார்ஜ் டவுனில் உள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு 'பொம்மை' என்ற பழைய படத்தைப் போட்டுக் காட்டினேன். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி, இசையமைத்து, நடித்து 1964-இல் வெளிவந்த படம் அது. ஒருவரைக் கொல்வதற்காகப் பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மையோ கைக்குக் கை மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது.

குண்டு இருப்பது நமக்குத் தெரியும். பொம்மையை வாங்குகிறவருக்குத் தெரியாது. சூட்சுமம் அவ்வளவுதான். "சண்டையே இல்லையா மாமா?" என்று முணுமுணுத்த பெரியவன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டான். சின்னவளோ, "ஐயோ, அத வாங்காதீங்க!" என்று கத்தியேவிட்டாள்.

இந்த வித்தையில் பேர்போனவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். அவருடைய 'சபோட்டாஜ்' (1936) படத்தில் ஒரு சிறுவன், குண்டென்று அறியாமல் ஒரு பொட்டலத்தை லண்டன் தெருக்களில் எடுத்துச் செல்கிறான். குண்டு வெடிக்கும் நேரம் 1.45. வழியெல்லாம் வேடிக்கை, ஊர்வலம், தாமதம். பேருந்தில் ஏறியவன் பக்கத்திலிருந்த நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். கடிகாரத்தைக் காட்டுகிறார், பொட்டலத்தைக் காட்டுகிறார், நாய்க்குட்டியைக் காட்டுகிறார். "ஆபத்து" என்று யாரும் சொல்வதில்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்து நாம்தான் பதறுகிறோம். அந்தச் சிறுவனைச் சாகவிட்டது தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

குண்டு திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் 15 நிமிடத் தவிப்பு. இது அவர் சொன்ன கணக்கு. ஆகவே அடுத்த முறை படம் பார்க்கும்போது வசனத்தை மட்டும் கேட்காதீர்கள். மேசைமேல் என்ன இருக்கிறது, யார் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

அப்படிப் பார்க்கப் பழகிய கண் வீட்டிலும் உதவும். தோட்டத்தில் புல்லுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை ஆரஞ்சுத் தண்ணீர் போத்தலில் ஊற்றி, அடுப்படி மூலையில் வைத்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். பாராகுவாட் மருந்துக்கு மலேசியாவில் 2020 முதல் தடை வந்துவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகளும் விஷம்தானே! உள்ளே இருப்பது என்னவென்று அப்பாவுக்குத் தெரியும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குத் தெரியுமா?

அதுவும் குண்டு வைத்த பொம்மைதான்.

திரைக்குள் கையை நீட்டி அந்தப் பொம்மையைப் பிடுங்க நம்மால் முடியாது. அடுப்படிக்குள் முடியும். மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குடிக்கும் போத்தலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். இன்றிரவு படம் பார்க்க உட்காருமுன் அடுப்படி மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்!