இரு நகரங்கள், இரு சுரங்க ரயில் படங்கள்: வடிவமைப்புக்குக் காரணம் சொல்லும் கலை

ஒரு பொருளை வடிவமைப்பது ஒரு வேலை என்றும், அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று எடுத்துரைப்பது அதன்பின் வரும் வேறொரு வேலை என்றும் பலர் கருதுகின்றனர். ஆனால் வடிவமைப்பில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுப்பதே ஆகும். பெற்றது எது, விட்டது எது, அந்த இழப்பைப் பயன்படுத்துவோர் ஏன் பொறுத்துக்கொள்வர் என்பவற்றைப் பணியை ஒப்படைத்தவருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் சொல்ல இயலவில்லை என்றால், அந்த முடிவே இன்னும் முதிரவில்லை என்று கொள்ள வேண்டும். லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் சுரங்க ரயில் படங்கள் இதற்குத் தக்க சான்றுகள். ஏறத்தாழ ஒரே கொள்கையின்படி வரையப்பட்ட படம் ஒரு நகரில் வேரூன்றியது; மற்றொன்றில் ஏழே ஆண்டுகளில் விலக்கப்பட்டது.

லண்டன்: தூரத்தை விட்டுக்கொடுத்த படம்

1930-களின் தொடக்கம் வரை லண்டன் சுரங்க ரயில் தடங்கள், நிலத்தில் உள்ள தூரத்தையும் திசையையும் ஒட்டியே வரையப்பட்டு வந்தன. நகரின் நடுவில் நிலையங்கள் நெருங்கியும் புறநகரில் விலகியும் இருந்ததால், நடுப்பகுதியில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டன. விளிம்புகளிலோ வெற்றிடம் மிகுந்தது. சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராகப் பணியாற்றிய ஹாரி பெக், 1931-இல் இதற்கு மாற்றாக ஒரு படத்தை வரைந்தார். அதில் தடங்கள் கிடையாகவோ செங்குத்தாகவோ 45 பாகைச் சாய்விலோ மட்டுமே சென்றன; நடுப்பகுதி பெரிதாக்கப்பட்டது; புறநகர் சுருக்கப்பட்டது; நிலத்தின்மேல் உள்ளவற்றில் தேம்ஸ் ஆறு மட்டுமே எஞ்சியது. நிலத்தின் அளவை விட்டு, எது எதனோடு இணைகிறது என்பதை மட்டும் காட்டும் இத்தகைய படத்தைத் தொடர்புப்படம் எனலாம்.

தூரத்தைக் காட்டாத படம் மிகையான புதுமை என்று கருதிய நிர்வாகம் அதை முதலில் ஏற்கவில்லை. பூமிக்கு அடியில் செல்பவருக்கு மேலே உள்ள நிலப்பரப்பு தேவையில்லை, இணைப்புகளே தேவை என்பது பெக்கின் வாதம். தம் படம் அழகானது என்று அவர் வாதாடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. எந்தத் தடத்தில் ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்னும் பயணியின் மூன்று கேள்விகளையே அவர் அளவுகோலாக்கினார். அந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வேளையில் தூரம் மறைவது இழப்பாகத் தெரிவதில்லை.

மறுமுறை அளிக்கப்பட்ட படம் 1932-இல் 500 படிகள் மட்டும் சோதனையாக அச்சிடப்பட்டது. பின்னர் 1933 ஜனவரியில் 7 லட்சம் படிகள் சட்டைப்பை அளவில் வெளியிடப்பட்டன. பழைய படத்தின் புதிய வடிவம் இது, கருத்துகளை எழுதி அனுப்புக என்று அதன் அட்டையிலேயே பயணிகளிடம் கேட்கப்பட்டிருந்தது. சில வாரங்களிலேயே மறுஅச்சு தேவைப்பட்டது. அலுவலக அறையில் தீராத கருத்து வேறுபாட்டை, சிறிய செலவில், பயன்படுத்துவோர் முன் வைத்துத் தீர்த்துக்கொண்ட முறை இது.

நியூயார்க்: சொல்லப்படாத இழப்பு

இத்தாலியில் பிறந்த மாசிமோ விக்னெல்லி உருவாக்கிய நியூயார்க் சுரங்க ரயில் படம் 1972-இல் வெளிவந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறப் பட்டை, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு புள்ளி என்னும் அதன் ஒழுங்கு இன்றளவும் வடிவமைப்பாளர்களால் போற்றப்படுகிறது. எனினும் நியூயார்க் மக்களில் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். நீண்ட செவ்வகமான சென்ட்ரல் பார்க் பூங்கா ஏறத்தாழச் சதுரமாகவும் சாம்பல் நிறத்திலும் இருந்தது. நீர்ப்பரப்பு நீலமாக இல்லை. எட்டாம் அவென்யூவுக்குக் கிழக்கே இருக்க வேண்டிய பிராட்வே தடத்தின் 50-ஆம் தெரு நிலையம் மேற்கே காட்டப்பட்டிருந்தது.

லண்டனில் பொறுக்கப்பட்ட இழப்பு இங்கே பொறுக்கப்படாததற்குக் காரணம் நகரின் அமைப்பிலேயே உள்ளது. நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டனின் பெரும்பகுதி, எண்ணிட்ட தெருக்களும் அவென்யூக்களும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் கட்டம். நிலையங்கள் பலவும் அந்தத் தெருக்களின் எண்களையே பெயராகக் கொண்டவை. எனவே ரயிலிலிருந்து இறங்கி எத்திசையில் நடப்பது என்பதையும் பயணி அதே படத்தில் தேடினார். மேலும் பூங்காவும் நீரும் அரைகுறையாகக் காட்டப்பட்டதால், படிப்பவர் கண் அதை நிலப்படமாகவே எடுத்துக்கொண்டு, பின்னர் அதில் பிழை கண்டது. நிலவியல் கூறுகளை முற்றிலும் நீக்கியிருக்க வேண்டும் என்று விக்னெல்லியே பிற்காலத்தில் கூறினார். தொடர்புப்படத்துடன் நிலப்படமும் அக்கம்பக்கப் படமும் நிலையங்களில் இருக்க வேண்டும் என்பது அவரது திட்டம். அத்திட்டம் முழுமையாக நிறைவேறாததால், மூன்று படங்களுக்குரிய சுமையை ஒரே படம் தாங்க நேர்ந்தது. 1978-இல் கூப்பர் யூனியன் கல்லூரியில் இது பற்றிப் பொது விவாதம் நடந்தது. 1979-இல் நிலவியல் சார்ந்த வேறொரு படம் வந்தது. ஆனால் 2025-இல் அந்நகரின் போக்குவரத்து ஆணையம் மீண்டும் விக்னெல்லி வழியிலான தொடர்புப்படத்தையே வெளியிட்டது. கொள்கை பிழையானதன்று, அதற்குரிய விளக்கமும் துணைப்படங்களும் உரிய காலத்தில் மக்களைச் சென்றடையவில்லை என்றே இதிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது.

காரணம் எங்கே தங்க வேண்டும்?

பணியை ஒப்படைத்தவரிடம் பேசும்போது, தூய்மை, எளிமை, நவீனம் போன்ற சொற்கள் உதவுவதில்லை. அவை பேசுபவரின் விருப்பத்தையே குறிப்பதால், கேட்பவரும் தம் விருப்பத்தை எதிரே வைக்கிறார், பேச்சு இரு ரசனைகளின் போட்டியாக முடிகிறது. பயன்படுத்துவோரின் கேள்வியிலிருந்து தொடங்கும் விளக்கத்தையோ இரு தரப்பினரும் சோதித்துப் பார்க்க முடியும். அதைப்போலவே, இழப்பு எது என்பதை வடிவமைப்பாளரே முதலில் சொல்லிவிடுவது நம்பிக்கையை வளர்க்கும். அதை மற்றவர் கண்டுபிடிக்க நேர்ந்தால், அது மறைக்கப்பட்ட குறையாகிவிடும்.

உடன் பணிபுரிவோருக்கு இவ்விளக்கம் இன்னும் இன்றியமையாதது. 1960-இல் பெக்குடன் கலந்தாலோசிக்காமல், அவரது படத்துக்கு மாற்றாகக் கூரிய முனைகள் கொண்ட வேறொரு லண்டன் படம் வெளியிடப்பட்டது. கோடுகளின் தோற்றத்தை எடுத்துக்கொண்ட அப்படம், அவற்றின் காரணமான தெளிவைக் கைவிட்டதால் குறைகூறப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பெக்கின் நெறிக்குத் திரும்பிய படத்துக்கு இடம்விட்டது. வடிவத்தை எவரும் நகலெடுக்கலாம். அதன் காரணம் எழுத்திலோ உடன் பணிபுரிவோர் மனத்திலோ நிலைபெற்றிருந்தால்தான், புதிய தடங்கள் சேரும்போதும் பழைய தடங்கள் மாறும்போதும் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பது பின்வருவோருக்குப் புலப்படும்.