குடோன் தளத்துக்கு ஏற்ற சிமெண்ட் எது?



சாக்கு, எண்ணெய், வற்றல், சூடம், தீப்பெட்டி என்று நம் குடோன்களில் இருப்பவை பெரும்பாலும் தீப்பிடிக்கும் சரக்குகளே. ஆனால் தளம் போடும்போது தீயைப் பற்றி நாம் நினைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைத்தெருவில் ஒரு குடோன் எரிந்தது. கான்கிரீட் தளம் விழாமல் நின்றதால், உரிமையாளர் வெள்ளையடித்து மீண்டும் மூட்டைகளை அடுக்கினார். சில வாரங்களில் தளத்தின் அடிப்பாகம் பெயர்ந்து மூட்டைகள் மேல் விழுந்தது. சாப்பாட்டு நேரமாக இருந்ததால் சுமை தூக்குவோர் தப்பினர்.

காரணத்தை ஓர் இன்ஜினீயரிடம் விசாரித்தோம். சாதாரண சிமெண்ட் இறுகும்போது உள்ளே நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகிறது. சுமார் 400 முதல் 500 டிகிரி சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு தண்ணீரோ காற்றின் ஈரமோ பட்டால் மறுபடி நீறிப் பருத்து, கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

அனல் மின் நிலையச் சாம்பலும், இரும்பு ஆலைக் கசடான ஸ்லாகும் இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து அதை வலுவான பொருளாக மாற்றுகின்றன. மிச்சச் சுண்ணாம்பு குறைவதால் தீக்குப் பின் வரும் வெடிப்பும் குறைகிறது. சாம்பல் கலந்தது பி.பி.சி., ஸ்லாக் கலந்தது பி.எஸ்.சி. எனப்படும். இதைக் கலப்படம் என்று ஒதுக்குவோர் நம்மில் உண்டு. அது தவறு. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது.

பிரான்சில் 1970-73 காலத்தில் நடந்த பெருந்தீ விபத்துகளுக்குப் பின், ஜோசப் டேவிடோவிட்ஸ் என்பவர் எரியாத பொருளைத் தேடி 'ஜியோபாலிமர்' முறையை உருவாக்கினார். சாம்பலையும் ஸ்லாகையும் காரக் கரைசலால் இறுக வைத்தும் இதைச் செய்யலாம். சாதாரண சிமெண்டைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் நம் கொத்தனார்கள் வழக்கமாகக் கையாளும் சரக்கன்று.

எந்த சிமெண்டானாலும் அசட்டை கூடாது. சுமார் 600 டிகிரியில் உள்ளிருக்கும் கம்பியே பாதி பலத்தை இழந்துவிடும். ஆகவே கவர் பிளாக் வைத்துக் கம்பிக்குக் கீழே போதிய கான்கிரீட் விடச் சொல்லுங்கள். சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாகவே பலம் பெறும். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் கட்டுங்கள்.

தீப்பட்ட தளத்தை இன்ஜினீயர் சோதித்துச் சொல்லும்வரை ஒரு மூட்டைகூட அடுக்க வேண்டாம். சரக்கை மறுபடி கொள்முதல் செய்துகொள்ளலாம். அதன் கீழே வேலை செய்பவர் உயிரை வாங்க முடியாது.