ஏலமலைச் சரிவில் இரு நீல ஈப்பிடிப்பான்கள்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை, வறண்ட அடிவாரப் புதர்க்காட்டில் தொடங்கி ஏலத் தோட்டங்களையும் சோலைகளையும் சென்றடைகிறது. இம்மலைப்பகுதியில் குளிர்காலத்தே ஏறத்தாழ ஒரே அளவும் (15 செ.மீ.) நீல நிறமும் உடைய இரு பறவைகள் காணப்படுகின்றன. அவை நீலகிரி ஈப்பிடிப்பான் (யூமியாஸ் அல்பிகாடேட்டஸ்), நீலமேனி ஈப்பிடிப்பான் (யூமியாஸ் தலசினஸ்) என்பனவாகும். ஒரே பேரினத்தைச் சார்ந்த இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையையும் அதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தோற்றமும்

நீலமேனிக்கு 1838இல் சுவைன்சனும், நீலகிரிக்கு 1840இல் ஜெர்டனும் அறிவியற்பெயர் சூட்டினர். 'தலசினஸ்' என்பது கடல்நிறத்தையும், 'அல்பிகாடேட்டஸ்' என்பது வெண்வாலையும் குறிக்கும். நீலமேனி ஆண், மயில்துத்தம் போன்ற பசுநீலம் கொண்டது. அலகுக்கும் கண்ணுக்கும் இடையே கரும்பட்டை உடையது. நீலகிரி ஆண், அவுரி போன்ற அடர்நீலம் கொண்டது. இரண்டிலும் பெண்பறவைகள் மங்கிய நிறத்தன. நீலமேனிப் பெண்ணில் முகப்பட்டையும் தெளிவற்றது. ஆதலின் நிறமும் முகமும் மட்டும் போதிய சான்றாகா. வாலடியின் இருபுறமும் அமைந்த வெண்திட்டு நீலகிரிக்கே உரியது. ஆண், பெண் இரண்டிலும் உள்ளது. வால் விரியும்போது புலப்படுவது.

பருவமும் வாழிடமும்

நீலகிரி ஈப்பிடிப்பான் தென்மேற்கு மலைத்தொடருக்கே உரியது. உயர்மலைச் சோலைகளில் ஆண்டு முழுதும் தங்கி, பிப்ரவரி முதல் கோடைக்காலம் வரை இனப்பெருக்கம் செய்கிறது. நீலமேனியோ இமயமலையில் கூடுகட்டி, குளிர்காலத்தில் மட்டும் தெற்கே வலசை வருவது. எனவே, மே மாதத்தில் இங்குக் கூட்டருகே தென்படும் பறவை நீலகிரியே எனத் துணியலாம். ஆயின் நிழல்மரத் தோட்டங்களில் இரண்டும் தென்படக்கூடும் என்பதால், வாழிடத்தை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் பொருந்தாது.

பிழையின் விளைவு

ஏலத்திற்கு நிழல் இன்றியமையாதது. அதனால் தோட்டங்களில் மரங்கள் பேணப்படுகின்றன. அங்கு வலசை வந்த நீலமேனியை நீலகிரி எனப் பதிவு செய்தால், ஓரிட வாழ்வியான நீலகிரி தோட்டங்களில் செழித்து வாழ்வதாகப் பொய்த்தோற்றம் எழும். அத்தோற்றம், எஞ்சிய சோலைத்துண்டுகளைக் காக்கும் தேவையைக் குறைத்து மதிப்பிடச் செய்யும்.

முடிவுரை

குளிர்காலப் பதிவுகளில் வாலடி வெண்திட்டு காணப்பட்டதா என்பதைத் தனியே குறிப்பதும், அது காணப்படாதவிடத்து இனப்பெயரைத் தவிர்த்து 'நீல ஈப்பிடிப்பான்' என மட்டும் பதிவதும் ஆய்வின் நம்பகத்தன்மையைக் காக்கும். கோடைக்காலத்தில் அதே இடங்களை மீண்டும் ஆராய்வது, தோட்டங்களில் உண்மையாகவே நிலைத்து வாழும் இனம் எது என்பதைத் தெளிவுபடுத்தும்.