டவுசரில் தொடங்கிய சாம்ராஜ்யம்

தண்டலத்தில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓயாமல் ஓடும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைதான் தெரியும். கோவளம் கடற்கரைக்குப் போக வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்களின் டி-ஷர்ட்டுகளில் அலையும் பனைமரமும் சறுக்குப் பலகையும் இருக்கின்றன. கடலில் கால் வைக்காதவரும் கடற்கரை ஆடையை விரும்பி வாங்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? குவிக்சில்வர் என்ற அலைச்சறுக்கு ஆடை நிறுவனத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் இது புரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டார்க்கி என்ற சிறிய கடலோர ஊர். 1969-ல் அங்கே ஆலன் கிரீனும் ஜான் லாவும் சேர்ந்து அலைச்சறுக்கு வீரர்களுக்கான டவுசர் தைக்க ஆரம்பித்தார்கள். சாதாரண டவுசரை அணிந்து அலையில் விழுந்து எழுந்தால் துணி நனைந்து கனக்கும், இடுப்பிலிருந்து நழுவும், தொடையில் உரசிப் புண்ணாக்கும். தாங்களே அலையேறிகள் என்பதால் இந்தத் தொல்லை அவர்களுக்கு உடம்பில் தெரிந்திருந்தது. இடுப்புப் பட்டையை அகலமாக்கி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை உயர்த்தி வெட்டினார்கள். டிச் பட்டனும் வெல்க்ரோவும் வைத்தார்கள். டவுசர் இடுப்பைக் கவ்விக்கொண்டு நின்றது. சின்னத்துக்கு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் வரைந்த பேரலை ஓவியத்திலிருந்து ஒரு மலையையும் ஓர் அலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவுக்கு அந்த டவுசர் போனது 1976-ல். டார்க்கிக்கு அருகிலுள்ள பெல்ஸ் பீச் அலைச்சறுக்குப் போட்டியில் அந்த ஆண்டு வென்றவர், ஹவாயில் வளர்ந்த ஜெஃப் ஹாக்மன். அமெரிக்காவில் விற்கும் உரிமையை அவர் கேட்டபோது, எவ்வளவு ஆசை என்று காட்டச் சொன்னாராம் கிரீன். சாப்பாட்டு மேசையில் கிடந்த காகித விரிப்பைத் தின்றே காட்டினாராம் ஹாக்மன். அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது. அவரும் கலிஃபோர்னியாவின் பாப் மெக்நைட்டும் சேர்ந்து அங்கே கடை விரித்தார்கள். 1986-ல் அந்த அமெரிக்க நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 1990-ல் பெண்களுக்காக ராக்ஸி பிறந்தது. இரண்டு குவிக்சில்வர் சின்னங்களை எதிரெதிராக வைத்து இதய வடிவம் ஆக்கினால் அதுதான் ராக்ஸியின் சின்னம். பின்னாளில் அலைச்சறுக்கில் 11 முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டரும் அந்த ஆண்டுதான் இவர்களுடன் ஒப்பந்தமானார்.

கடலை விட்டு ஊருக்குள் வர உதவியது ஸ்கேட்போர்டு. கடலில் அலை இல்லாத நாட்களில் தெருவிலேயே சறுக்கலாம் என்று கலிஃபோர்னியப் பையன்கள் பலகைக்குச் சக்கரம் மாட்டியதால் வளர்ந்த விளையாட்டு அது. இரண்டுக்கும் ஒரே ஆட்கள், ஒரே நடை, ஒரே உடை. 2004-ல் டிசி ஷூஸ் என்ற ஸ்கேட் காலணி நிறுவனத்தை குவிக்சில்வர் வாங்கியது. அதுவரைக்கும் சரி. மறு ஆண்டே ரோசிஞோல் என்ற பிரெஞ்சு பனிச்சறுக்கு நிறுவனத்தை வாங்கியதுதான் வினையானது. விற்பனை 200 கோடி டாலரைத் தாண்டியபோதே கடனும் கழுத்தை நெரித்தது. 2008-ல் ரோசிஞோலை நஷ்டத்துக்கு விற்றார்கள். 2014-ல் ஸ்லேட்டர் விலகினார். 2015 செப்டம்பரில் அமெரிக்க நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பிறகு பெயர் போர்டுரைடர்ஸ் ஆனது. பரம எதிரியான பில்லபாங்கை 2018-ல் வாங்கிய அந்த நிறுவனமே 2023-ல் ஆதென்டிக் பிராண்ட்ஸ் குழுமத்தின் கைக்குப் போனது. பெயர்களின் உரிமையை வாங்கி, பிறருக்கு வாடகைக்கு விடுவதே அந்தக் குழுமத்தின் தொழில். டவுசரைப் போட்டுப் பார்த்து வெட்டைத் திருத்திய ஆட்களிடமிருந்து முடிவெடுக்கும் அதிகாரம் வெகுதூரம் போய்விட்டது. என் கணக்கில் உண்மையான இழப்பு அதுதான்.

நம் பக்கம் என்ன குறை? திருப்பூரில் உலகத்துக்கே பனியன் தைக்கிறார்கள். தண்டலத்துக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆடைத் தொழிலுக்கென்றே சிப்காட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1958 வாக்கில் சாயம் போகும் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போய், சாயம் போவதே அழகு என்று விளம்பரம் செய்து விற்கப்பட்டது. அந்தப் பேரும் புகழும் அங்கிருந்த கடைக்காரர்களுக்குச் சேர்ந்தன. இன்று அலையேறிகளும் நம்மிடம் இருக்கிறார்கள். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தானாகவே பழகி, தொழிலதிபர் அருண் வாசு துணையோடு 2012-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சறுக்கிய கதை ஆவணப்படமாகி 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

துணியும் தையலும் அலையும் ஒரே மாநிலத்தில் இருக்கும்போது, நம் பெயர் சொல்லும் ஓர் அலையாடை இன்னும் உலகக் கடைகளுக்குப் போகாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. பின்னலாடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த டிசைனுக்கு வெளிநாட்டு கேட்டலாக்கைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் கோவளத்துக்கு வாருங்கள். தண்ணீரிலிருந்து ஏறிவரும் பிள்ளைகளை நிறுத்தி, போட்டிருக்கும் டவுசர் எங்கே உரசுகிறது, எங்கே நழுவுகிறது என்று கேளுங்கள்.