ஏரிக்கரையில் காற்று வாங்குவோர் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அல்சூர் ஏரிக்கும் சாங்கி ஏரிக்கும் பிள்ளைகளோடு போகும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. வேர்க்கடலை வாங்கிக் கொறித்தபடி தண்ணீரைப் பார்ப்பார்கள். தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண் கரையும் ஓர் அணைதான் என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

பெங்களூரில் பெரிய நதி கிடையாது. ஓடைகளுக்குக் குறுக்கே மண் கரை போட்டு மழைநீரைத் தேக்கி வளர்ந்த ஊர் இது. மல்லேசுவரம் அருகே உள்ள சாங்கி ஏரியை 1882-ல் கர்னல் சாங்கி அமைத்தது ஊரின் தண்ணீர்த் தேவைக்காக. இன்று அது உலாவும் இடமாகிவிட்டது. ஆனால், கரை தாங்கவேண்டிய தண்ணீர் குறைந்துவிடவில்லை.

கோடி அடைபடக்கூடாது

மண் கரைக்கு முதல் எதிரி, அதன் மேல் வழியும் தண்ணீர். வழிந்தால் மண் அரித்து, சற்று நேரத்தில் உடைப்பு ஏற்படும். அதனால்தான் உபரி நீர் வெளியேறக் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் வழி கட்டுகிறார்கள். தென் மாவட்டத்தாருக்கு அது கலிங்கு, மறுகால். வட ஆற்காட்டார் "ஏரி கோடி போகிறது" என்பார்கள். கன்னடத்திலும் அது கோடிதான். அதில் குப்பை அடைத்தாலும், கட்டடம் எழும்பினாலும் கரைக்கு ஆபத்து.

சேறு கலந்த கசிவு

இரண்டாவது எதிரி கசிவு. மண் கரையில் சிறிது கசிவு இயல்பு. தெளிந்த நீராக, ஒரே அளவில் கசிந்தால் பெரும்பாலும் பயமில்லை. சேறு கலந்து வந்தாலோ, அளவு கூடினாலோ, உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் எல்லாம் தண்ணீருக்கு வழி காட்டும். ஊரில் மழைக்கு முன்பே கரை சுற்றி வளை அடைத்தது இதற்காகத்தான்.

ஹுளிமாவில் நடந்தது

2019 நவம்பர் 24-ந் தேதி பன்னேர்கட்டா சாலைப் பக்கம் ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்தது. கரையில் இயந்திரம் வைத்துத் தோண்டியதே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதே மாதம் ஹொசகெரேஹள்ளி ஏரிக்கரையும் உடைந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருகே மின்சாரத்துக்காகத் தேக்கிய ஓர் ஏரி, மின் நிலையம் மூடிய பின் உல்லாச ஏரியானது. சுமார் 38 அடி உயர மண் அணை. கரைச் சரிவில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1977 நவம்பர் 6-ந் தேதி அதிகாலை, கனமழைக்குப் பின் அது உடைந்தது. கீழே இருந்த கல்லூரியில் வெள்ளம் பாய்ந்து 39 பேர் இறந்தார்கள்.

சட்டம் எட்டாத கரைகள்

நமது 2021-ம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு உரியது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில மட்டுமே சேரும். அதைவிடச் சிறிய ஏரிக்கரைகள் அதில் அடங்கா.

ஆகவே கரைக்குக் கீழே குடியிருப்போர் தாங்களே கவனிக்கவேண்டும். கரையில் புதிய வெடிப்பு, உள்வாங்கிய இடம், சேற்றுக் கசிவு, யாரோ தோண்டிய பள்ளம் கண்டால், ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கரை சரியத் தொடங்கினால் மனு எழுத நேரமில்லை. பிள்ளைகளோடு மேட்டுக்குப் போய், 112-க்குப் போன் செய்யுங்கள்.