பறப்பதைப் படம்பிடித்தல்

இலங்கை விமானப்படை தனது 70ஆவது ஆண்டு நிறைவை 2021 மார்ச்சில் காலிமுகத்திடலில் வான்சாகசக் காட்சியுடன் கொண்டாடியது. இந்திய விமானப்படையின் சூர்யகிரண் ஜெட் அணியும் சாரங் ஹெலிகொப்டர் அணியும் அதில் பங்கேற்றன. இவ்விரண்டையும் ஒரே விதமாகப் படம்பிடிக்க முடியாது.

ஜெட் விமானம் கணப்பொழுதில் கடந்துவிடும். கெமராவின் ஷட்டர் 1/1000 செக்கனிலோ அதைவிட விரைவாகவோ திறந்து மூடினால்தான் உருவம் தெளிவாக விழும். ஹெலிகொப்டரை அப்படி எடுத்தால் சுழலும் விசிறி உறைந்து, நூலில் தொங்கும் பொம்மை போலாகிவிடும். தெளிவான படமெல்லாம் உண்மையான படமல்ல. 1/125 செக்கன் அளவில் வைத்து, கெமராவை அதன் போக்கிலேயே நகர்த்தியபடி எடுத்தால், உடல் தெளிவாகவும் விசிறி சுழல்வதாகவும் தெரியும்.

இந்தக் கைப்பழக்கத்துக்கு விமானம் தேவையில்லை. ஹேவாஹெட்ட வீதியில் நம்மைக் கடந்து போகும் பஸ்ஸே போதும்.