இரசிகர் ஒலிப்பதிவும் அதன் மறுபதிப்பும்: ஜெர்ரி கார்சியாவின் கித்தார் நிகழ்ச்சி நாடாக்களை முன்வைத்து

முன்னுரை

இசைநிகழ்ச்சி ஒன்றை, அவையில் அமர்ந்திருந்த இரசிகர் ஒருவர் தம் சொந்தக் கருவியால் பதிவு செய்கின்றார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொருவர் அந்நாடாவைக் கணினியில் ஏற்றி, குறைகளைக் களைந்து, கேட்பதற்கு ஏற்ற வடிவில் வெளிக்கொணர்கின்றார். ‘ரீமாஸ்டரிங்’ எனப்படும் இப்பணியைத் தொழில்நுட்பம் சார்ந்த துப்புரவுப் பணி என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், இது சுவடிப் பதிப்பை ஒத்ததொரு பதிப்புப் பணி என்பதே நம் கருத்தாகும். அமெரிக்கக் கித்தார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவின் (1942–1995) நிகழ்ச்சி நாடாக்களைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்க முற்படுகின்றோம்.

பதிவுகளின் பின்புலம்

கலிபோர்னியாவில் 1965ஆம் ஆண்டு தோன்றிய ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவின் முதன்மைக் கித்தார் கலைஞராகக் கார்சியா விளங்கினார். முப்பது ஆண்டுகளில் இக்குழு 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை வழங்கியது. ஒரே பாடலையும் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு வகையில் விரித்து வாசிப்பது இக்குழுவினரின் இயல்பு. ஆதலால், ஒரு நாளின் பதிவு மற்றொரு நாளின் பதிவுக்கு ஈடாகாது. 1984ஆம் ஆண்டு அக்டோபரில், பதிவு செய்யும் இரசிகர்களுக்கெனத் தனி இருக்கைப் பகுதியையே குழுவினர் ஒதுக்கத் தொடங்கினர். நாடாக்களை விற்றலாகாது, தம்முள் பரிமாறிக்கொள்ளலாம் என்பதே அன்றைய நெறி.

மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட பதிவுகளும் உள்ளன. அவை தெளிவு மிக்கவை. எனினும், கித்தாரின் ஒலி மேடையிலிருந்தே உரத்து எழும் அரங்குகளில், பலகையில் அதன் அளவைக் குறைத்து வைப்பதுண்டு. அத்தகைய பதிவில் கித்தார் மெலிந்து கேட்கும். அவையோர் செவியுற்ற முழு இசையை இரசிகரின் நாடாவே காட்டும். அதன் மதிப்பு இதனால் விளங்கும்.

மூலப்படியைத் தேர்தல்

ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுங்கால் பிழைகள் பெருகுதல் போல, நாடாவிலிருந்து நாடா எடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடுகின்றது. மேல்நிலை ஒலிகள் மங்குகின்றன. ஆகவே, முதற்படியைத் தேடுவதே முதற்கடமையாகும். அதனை ஓட்டும் கருவியின் ஒலித்தலை, பதிவு செய்த கருவியின் ஒலித்தலையோடு சாய்வில் ஒத்திருத்தல் வேண்டும். சாய்வு சற்று மாறினும் மேல்நிலை ஒலிகள் குன்றும். இங்கு இழந்ததைப் பின்னர்க் கணினியில் முழுமையாக மீட்டல் அரிது.

வேகமும் சுருதியும்

கசெட் நாடா நொடிக்கு ஏறத்தாழ 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். பதிவின்போது மின்கலம் தளர்ந்து வேகம் குறைந்திருப்பின், பின்னர் இயல்பான வேகத்தில் ஓட்டும்போது இசை விரைந்தும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். இதனைக் கண்டறிய ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் மின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. ஒலிபெருக்கியின் மெல்லிய மின்முனகல் நாடாவில் பதிந்திருந்து, அது 61.2 ஹெர்ட்ஸ் எனக் காட்டுமாயின், நாடா 2 விழுக்காடு விரைந்து ஓடுகின்றது எனக் கொள்ளலாம். இதனால் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்கின்றது. ஒரு மணி நேர இசை ஏறக்குறைய 70 நொடி குறைகின்றது. இரைச்சலாக மட்டுமே கருதி இம்முனகலை முதலிலேயே நீக்கிவிடுபவர், தம்மிடமிருந்த சான்றையே அழித்தவராவார்.

இடைவெளியும் இரைச்சலும்

90 நிமிட நாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடிவுறும். அதனைத் திருப்பிப் போடும் நேரத்தில் ஒலித்த இசை பதிவாகாது. அதே அரங்கில் வேறொருவர் பதிந்த நாடாவைக் கொண்டு இவ்விடைவெளியை நிரப்புவர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். இங்கும் ஒப்பீடே வழியாகின்றது. ஆனால், இணைத்த இடத்தைக் குறிப்பிடாது விடுதல், ஏட்டில் இல்லாத அடியை மூலத்தின் அடி போல அச்சிடுதலுக்கு நிகராகும்.

இரைச்சலை நீக்குவதிலும் அளவு வேண்டும். கணினி நிரல், நாடாவின் இரைச்சலை மாதிரியாகக் கொண்டு அதனை முழுப்பதிவிலிருந்தும் கழிக்கின்றது. அளவு மிகுமாயின், தந்தியை மீட்டும் கணத்தின் கூர்மை மழுங்கும். நீருக்குள்ளிருந்து வருவது போன்ற செயற்கை ஒலியும் தோன்றும். மேலும், பதிவு முழுவதையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்வோர், மெல்லத் தொடங்கி ஓங்கி எழும் வாசிப்பின் ஏற்ற இறக்கத்தை இழக்கச் செய்கின்றனர். கைதட்டலும் ஆரவாரமும் இவ்வாறே ஆராயத்தக்கன. செவிக்கு அருகில் எழும் பேச்சொலி இசையை மறைக்கின்றது. அதனைக் குறைத்தல் தகும். ஒரு சுர வரிசை முடியும் முன்னரே எழும் ஆரவாரமோ, அவ்விசை அவையோரை ஆட்கொண்டதற்குச் சான்றாகின்றது.

முடிவுரை

கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் மண்டபத்தில் 8 மே 1977 அன்று இக்குழு வழங்கிய நிகழ்ச்சியின் பதிவு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2011ஆம் ஆண்டிற்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அது பலகைப் பதிவே எனினும், அதன் புகழைப் பரப்பியவர்கள் நாடா பரிமாறிய இரசிகர்களே. இரசிகர்தம் பேணலும் பண்பாட்டுப் பணி என்பதற்கு இது சான்றாகும்.

நாடாக்கள் முதுமையடைந்து வருகின்றன. மூலம் அழிந்தபின், திருத்திய படியே ஒரே சான்றாக நிற்கும். அதிலுள்ள பிழையும் வரலாறாகிவிடும். எனவே, திருத்தம் எதுவுமின்றி எடுத்த முதல் எண்மப் படியை அவ்வாறே காத்தல், செய்த மாற்றங்கள் அனைத்தையும் எழுதி வைத்தல், ஐயமுள்ள இடத்தில் நீக்காது விடுதல் ஆகிய மூன்றும் இப்பணியில் ஈடுபடுவோரின் கடமைகளாகின்றன. பழைய உரைகளையும் நாட்டுப்புறப் பாடல்களையும் நாடாவில் வைத்திருக்கும் தமிழாசிரியர்களுக்கும் இம்மூன்றும் பொருந்தும் என்பது நம் துணிபு.